பளிச்சென்று ஓர் அறை

"கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடின மாதிரி இருக்கு சார்" என்றார் டீச்சர்.

அதைச் சொல்லத்தான் கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர். இருபத்தேழு வருஷம் ஊரார் பிள்ளைகளைப் பாடவைத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமையோடு வேலை முடிகிறது. போவதற்குள் தனக்கென்று ஆறு பாட்டு எழுதி, தானே மெட்டுப்போட்டுப் பாடி, கடைசி நாளில் பள்ளிக்கூடத்தையே உட்காரவைத்துப் போட்டுக் காட்டவேண்டும் என்று ஆசை. ஆசை வயசு பார்த்தா வருகிறது?

"எதுல போட்டுக் கேட்டீங்க டீச்சர்?" என்று கேட்டார் சவுண்டு. பாட்டைப் பதிவுசெய்து, சத்தங்களைக் கலந்து சரிபண்ணிக் கொடுப்பது அவர் தொழில். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்க வீட்ல கேட்டேன். தங்கச்சி வீட்ல கேட்டேன். ஸ்கூல் ஹால்ல நீங்களும்தானே கூட இருந்து கேட்டீங்க? எங்க போனாலும் அந்தக் கம்பளி என் பின்னாடியே வருது."

சவுண்டு குடையிலிருந்து தரையில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"குத்தம் சொல்ல வரலை சார். என் குரலை உங்க கைல குடுத்தா பாத்துப்பீங்கன்னு நம்பி வந்தவ நான். சனிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லேன்னா... தங்கச்சி வேற ஒரு இடம் சொல்றா."

முன்னறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. சவுண்டின் பெண்சாதி தையல்காரி. அந்த அறைக்கும் சவுண்டு வேலை பார்க்கிற நடு அறைக்கும் இடையில் ஒரு கதவுதான். காதைப் பொத்திக்கொண்டாலும் காதில் விழுகிற தூரம்.

இப்படித் திரும்பி வருவது இது மூன்றாவது. முதலில் ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு திரும்பி வந்தது. அப்புறம் ஒரு நாட்டியக் குழு, "எல்லாம் தண்ணிக்குள்ள கேக்குதுங்க" என்றது. அப்போதெல்லாம் சவுண்டு, "அவங்க ஸ்பீக்கர் சரியில்ல" என்று தோளைக் குலுக்கிக்கொண்டார். டீச்சர் விஷயத்தில் அப்படிக் குலுக்க முடியவில்லை. பள்ளிக்கூட ஹாலில் தன் காதாலேயே கேட்டுவிட்டாரே.

டீச்சரை வாசல்வரை கொண்டுவிட்டு வந்தாள் தையல்காரி. அடுக்களையில் அவள் நாத்தனார், சவுண்டின் அக்கா, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் போனதிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். சட்டைக்குப் பட்டன் தைப்பதும், மற்ற நேரத்தில் வாயைத் தைக்காமல் இருப்பதும் அவள் வேலை.

"என்னவாம் அந்தம்மாவுக்கு? பாடினது அவங்க, கம்பளி போத்தினது என் தம்பியா?"

"மெதுவா பேசுங்க அண்ணி. அவருக்குக் கேக்கும்."

"கேட்டாத்தான் நல்லதாச்சே! காது போச்சுன்னுதானே ஒரு வாரமா மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியறான்."

மறுநாள் சவுண்டு காது டாக்டரிடம் போய்விட்டு வந்தார். நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காரவச்சு, பூச்சி கத்தற மாதிரி சத்தமெல்லாம் போட்டாங்க. கேட்டா கையைத் தூக்கணுமாம். தூக்கினேன்."

"சரி, முடிவு என்னங்க?"

"அம்பத்தொரு வயசுக்கு இது தங்கமான காதுன்னாரு."

"அடடா, வாயில சக்கரை போடணும் அந்த டாக்டருக்கு!" என்றாள் அக்கா. "அதை ஏண்டா எழவு வீட்டுச் சேதி மாதிரி சொல்றே?"

"உனக்குப் புரியாதுக்கா. காது போயிருந்தா, போச்சுன்னு விட்டிருப்பேன். இங்க கேட்டா பளிச்சுனு இருக்கு. அங்க போய்க் கேட்டா செத்துக் கிடக்கு. காது நல்லா இருந்தும் கேக்கறது தப்புன்னா, அப்ப போனது என்ன? புத்திதானே?"

பட்டாணி உரித்த கை நின்றது.

"என் மருமகன் அன்னைக்கே சொன்னான்ல" என்றாள் அக்கா, குரலைத் தணித்து. "டைல்ஸ் கடைல நம்பிக்கையான ஆள் இல்லேன்னு. ஒண்ணாந்தேதியிலேருந்து வரச்சொல்லி ரெண்டு தடவை கேட்டுட்டான்."

"சனிக்கிழமை போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார் சவுண்டு. சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். முகத்தை மறைத்துக்கொள்ளத் துண்டைவிட வசதி வேறு இல்லை.

தையல்காரிக்கு ஒன்று உறுத்தியது. முப்பது வருஷம் ஒழுங்காக இருந்த புத்தி இரண்டு மாசத்தில் எப்படிப் போகும்? துணி சுருங்கினால் தண்ணீரைப் பார்க்கவேண்டும், நூல் அறுந்தால் ஊசியைப் பார்க்கவேண்டும். காரணம் இல்லாமல் எதுவும் கெடாது என்பது அவள் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு டம்ளர் தேநீரை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனாள். மடியில் கத்தரிக்கோல் இருந்தது. சவுண்டு மிக்சர் பலகைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, திருகற இந்த மூணு நாப்பும் என்னதான் பண்ணும்? ஒம்பது வருஷமா ஒரே ரூம்ல குப்பை கொட்டினோம். ஒரு நாள் கேட்டதில்ல."

"கடையைக் கட்டற நேரத்துல சரக்கு விசாரிக்கறியா?"

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். சொல்லுங்களேன்."

யாராவது கேட்டால் சவுண்டால் சொல்லாமல் இருக்க முடியாது. அது அவருடைய பலவீனம். நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தார்.

"கீழ இருக்கறது பேஸ். வயித்துல கேக்கறது. நடுவுல மிட்டு, அது தொண்டை. பேச்சு, பாட்டு எல்லாம் குடியிருக்கற இடம். மேல டிரெபிள். பல்லுலயும் மூக்கு நுனியிலயும் கேக்கறது. இப்ப பாரு, இது கிட்டாரு, இது டீச்சர். ரெண்டையும் சேத்துப் போடறேன். என்ன தோணுது?"

"டீச்சர் பின்னாடி நிக்கறாங்க. கிட்டாரு முன்னாடி வந்து மறைக்குது."

"சபாஷ். ரெண்டு பேரும் மிட்டுல இருக்கறவங்க. ஒரே நாற்காலிக்குச் சண்டை போடறாங்க. இப்ப நீ என்ன பண்ணுவே?"

"டீச்சரைச் சத்தமா வைப்பேன்."

"எல்லாரும் பண்ற தப்பு அது! அவங்களை ஏத்தினா, கிட்டாரு கம்மியா இருக்கேன்னு அதை ஏத்துவே. அப்புறம் மேளத்தை ஏத்துவே. கடைசியில சந்தைக்கடைதான். கிட்டாரோட மிட்டு நாப்பைப் பிடி. பயப்படாதே, கடிக்காது. மெதுவா இறக்கு."

இறக்கினாள். கிட்டார் நல்ல பிள்ளையாக ஓரமாக நகர்ந்தது. டீச்சர் முன்னால் வந்து உட்கார்ந்தார். குரலை யாரும் தொடவே இல்லை.

"அட!"

"ஏத்தறது எவனுக்கும் வரும். யாரை எங்க இறக்கினா யாரு மேல வருவாங்கன்னு தெரியறதுதான் வேலை."

"இது குடும்பத்துக்கும் பொருந்துமே. அண்ணியோட நாப் எங்க இருக்கு?"

சவுண்டு ஒரு வாரத்துக்கு அப்புறம் சிரித்தார். "அது கம்பெனிலேயே உடைஞ்சு வந்தது."

"டீச்சர் குரல்ல பேஸ் சுத்தமா இல்லையே. ஏன் எடுத்துட்டீங்க?"

"அதுல அவங்க இல்ல. கால் தட்டறது, நாற்காலி முனகறது, ரோட்ல லாரி போறது, இதான் இருந்துச்சு. துடைச்சு விட்டுட்டேன்."

"டிரெபிள்?"

சிரிப்பு அடங்கியது. "அதுலதான் மூச்சு இருக்கு. நாக்கு பல்லுல படற சத்தம், தந்தி மேல விரல் உரசற சத்தம். அது இல்லேன்னா ஆளு சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாடற மாதிரி இருக்கும்."

"டீச்சர் கம்பளின்னு சொன்னது இதைத்தானே? ஏத்திடுங்களேன்."

சவுண்டு ஏற்றினார். தையல்காரி முகத்தைச் சுளித்தாள். "ஐயய்யோ, பல்லு கூசுது!"

"பாத்தியா? உனக்கே கூசுது. ஏத்தினா இங்க ஊசி. இறக்கினா அங்க கம்பளி. கண்ணை மூடிக்கிட்டு ஏத்திவச்சும் பாத்தேன். பத்து நிமிஷம் கேட்டதும் கை தானா போய் இறக்கிடுது. காது வேண்டாங்கறதைக் கை எப்படிச் செய்யும்?"

தையல்காரி டம்ளரை எடுக்க எழுந்தாள். மடியிலிருந்த கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது.

கணீர்.

அறை முழுக்க அந்தச் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. தையல்காரி குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். இதே கத்தரிக்கோல், இதே அறையில், ஒன்பது வருஷத்தில் ஆயிரம் தடவை விழுந்திருக்கும். ஒரு நாளும் இப்படிக் கத்தினதில்லை.

அந்த வீடு ரயில்பெட்டி மாதிரி மூன்று அறை நீளம். முன்னறை முன்பெல்லாம் ஒரு கடிகாரம் பழுதுபார்க்கிறவருக்கு வாடகைக்குப் போயிருந்தது. நடு அறையில் ஒரு சுவர் ஓரம் சவுண்டின் பலகை. மற்ற மூன்று சுவருக்கும் கூரை முட்ட அவளுடைய துணிக்கட்டுகள். துணி வெட்டுவதும் அங்கேயேதான், மிஷின் மட்டும் அடுக்களை மூலையில். "பஞ்சுப் பொதிக்குள்ள உக்காந்து வேலை பாக்கறேன், மூச்சு முட்டுது" என்று சவுண்டு பாடாத நாள் கிடையாது. இரண்டு மாசத்துக்கு முன்னால் கடிகாரக்காரர் காலி செய்தார். அவளுக்குச் சன்னலோடு ஒரு கடை கிடைத்தது. துணியெல்லாம் முன்னறைக்குப் போன அந்த வாரமே அக்காவின் மருமகன் நடு அறைக்கு டைல்ஸ் போட்டுக்கொடுத்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். "இப்பதான் மனுஷன் இருக்கற ரூம்" என்று சவுண்டு குளிர்ந்துபோனார்.

தையல்காரி நிமிர்ந்தாள். பட்டென்று ஒரு கை தட்டினாள். தட்டினது சுவரில் பட்டுத் திரும்பி அவள் முகத்திலேயே விழுந்தது.

"என்ன பண்றே?"

தையல்காரி முன்னறைக்கு ஓடி, துணிக்கட்டுகளுக்கு நடுவில் நின்று இன்னொன்று தட்டினாள். அது பிறந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டது. அடுக்களைக்குப் போய் ஒன்று தட்டினாள்.

"போச்சு" என்றாள் அக்கா. "அவனுக்குப் புத்தி போச்சுன்னு பாத்தா, இவளுக்கும் தொத்திக்கிச்சு."

தையல்காரி மூச்சிரைக்க நடு அறைக்குத் திரும்பினாள். "ஏங்க, டீச்சர் பாடினது எப்போ?"

"மூணு மாசம் இருக்கும்."

"துணி இங்க இருந்தப்போ. கலந்தது?"

"போன மாசம்... அதுக்கென்ன?"

"துணி போனப்புறம். சோப்புப் பாட்டு, நாட்டியக்காரங்க, எல்லாமே துணி போனப்புறம் பண்ணினது. உங்க காதும் சரி, புத்தியும் சரி. இந்த ரூம்தான் கத்துது. ரூம் கத்தறதை நீங்க பாட்டு கத்துதுன்னு நெனச்சு, பாட்டோட வாயை அடைக்கறீங்க."

சவுண்டுக்கு முகம் சிவந்தது. "ஒம்பது வருஷம் அந்தப் பொதிக்குள்ள கெடந்து வெளிய வந்திருக்கேன். இப்ப அதுதான் என்னைக் காப்பாத்துச்சுங்கறியா? மிக்ஸ் பண்றது நானா, சுவரா? நான் பொட்டல்ல சவுண்டு போட்டு வளந்தவன். அங்க ஏது சுவர், ஏது துணி?"

"பொட்டல்ல சுவரே இல்லீங்க. அதான் திருப்பிச் சொல்ல ஆள் இல்ல."

"போ, போய்த் தையி" என்று அவர் பலகையின் பக்கம் திரும்பி, நாப்பையெல்லாம் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்.

அன்று முழுவதும் தையல்காரி சன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க விளக்குத் தேவைப்படாத சன்னல். தெருவில் போகிறவர்கள் நின்று துணியைத் தொட்டுப் பார்க்கிற சன்னல். தான் சொன்னது நிஜமானால் துணி உள்ளே போகவேண்டும். துணி உள்ளே போனால் கடை என்று இங்கே என்ன மிஞ்சும்? தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்ற அரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலையில், டீச்சர் குறித்த கெடு நாளில், சவுண்டு தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு டைல்ஸ் கடைக்குக் கிளம்பினார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் தையல்காரி முதல் கட்டைத் தூக்கினாள்.

"அண்ணி, ஒரு கை குடுங்க."

"எதுக்குடி?"

"எல்லாத்தையும் உள்ள வைக்கணும். முன்ன இருந்த மாதிரியே."

"என் மருமகன் ஆசைஆசையாப் போட்ட டைல்ஸை மூடறதுக்கு நானே கை குடுக்கணுமா?"

"ஒரு மணி நேரம் அண்ணி. டைல்ஸ் எங்க ஓடிடப் போகுது?"

திட்டிக்கொண்டேதான் அக்கா தூக்கினாள். ஆனால் தூக்கினாள். பருத்திக் கட்டு, கம்பளிக் கட்டு, சன்னல் திரைத் துணி, பச்சை வெல்வெட். பாதியில் தையல்காரிக்கே சந்தேகம் வந்தது, எது எங்கே இருந்ததென்று.

"போர்வைத் துணி அங்க இல்லடி, இந்த மூலை. நான்தானே தினம் அதுல சாஞ்சுக்கிட்டுப் பட்டன் தைப்பேன். வெல்வெட்டு அவன் முதுகுக்குப் பின்னாடி. உனக்கு என்ன தெரியும்?"

கடைசிக் கட்டையும் அடுக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா. "அப்பாடா" என்றாள். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "என்னடி இது, என் குரல் எனக்கே மரியாதையாக் கேக்குது!"

சவுண்டு திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் வேர்த்து விறுவிறுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணாந்தேதி வரேன்னு மாப்பிள்ளைகிட்ட..." என்றவர் அறையைப் பார்த்தார். "யாரைக் கேட்டு இதெல்லாம் இங்க வந்துச்சு?"

"கத்துங்க. உக்காந்துக்கிட்டுக் கத்துங்க" என்றாள் தையல்காரி. "டீச்சர் பாட்டை ஒரே ஒரு தடவை போடுங்க. அப்புறம் சொல்லுங்க, நானே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன்."

வீம்புக்காகத்தான் போட்டார். நாலு வரி ஓடியது. சவுண்டு சட்டென்று நிமிர்ந்தார்.

"யாரு என் நாப்பைத் தொட்டது?"

அக்கா தையல்காரியைப் பார்த்தாள்.

"டிரெபிள் செத்துக் கிடக்கு! அந்தம்மா சாக்குமூட்டைக்குள்ள இருந்து பாடறாங்க! யாரு இறக்கினது?"

"நீங்கதான்."

"நானா? இப்படியா? என்னை என்ன கிறுக்கன்னு..." சொல்லிக்கொண்டே பலகையின் மேல் குனிந்தார். ஒவ்வொரு பாட்டையும் கலந்து முடித்ததும், குமிழ் நின்ற இடத்துக்கு நேரே பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டுவைப்பது அவர் வழக்கம். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேஸ், கோட்டில் இருந்தது. மிட், கோட்டில் இருந்தது. டிரெபிளும் கோட்டிலேயேதான் இருந்தது. அவர் கை போட்ட கோடு.

"நாங்க துணியைத்தாங்க தொட்டோம்" என்றாள் தையல்காரி.

சவுண்டு பாட்டை நிறுத்தினார். திரும்பி அந்தப் பச்சை வெல்வெட்டைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் மெல்லத் தூக்கி, பட்டென்று ஒன்று தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னொன்று தட்டினார்.

"இதோ மூணாவது பைத்தியம்" என்றாள் அக்கா. சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள்.

அதற்கப்புறம் அவர் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். டிரெபிள் குமிழைப் பிடித்து ஒரு மயிரிழை ஏற்றினார். நிறுத்திக் கேட்டார். இன்னொரு மயிரிழை. கை தயங்கவில்லை. பாட்டுக்குள்ளிருந்து டீச்சர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. வெகுநாள் அடைத்துக் கிடந்த சன்னலை யாரோ தள்ளித் திறந்த மாதிரி இருந்தது. ஆறு பாட்டும் முடிய மதியம் மூன்று மணி. வேகவைத்த முட்டையும் ரொட்டியும் தட்டிலேயே காய்ந்தன. டீச்சர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னறை வாசலில் குடை தெரிந்தது. மழை இல்லாமலே குடையோடு வருகிறவர் டீச்சர் ஒருவர்தான். கடை வெறிச்சென்று கிடந்தது. தையல்காரி காலி அலமாரிக்கு நடுவில் எழுந்து நின்றாள். சவுண்டு கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார், பரீட்சை முடிவு பார்க்க வந்த மாணவன் மாதிரி.

"வீட்ல கேட்டேன்" என்றார் டீச்சர். "தங்கச்சி வீட்ல கேட்டேன். வாட்ச்மேனைக் கெஞ்சி ஸ்கூல் ஹாலைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன்."

"கேட்டு?"

"என் குரல்ல இப்படி ஒரு கரகரப்பு இருக்குன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல சார்."

சவுண்டு பதறினார். "அதை வேணும்னா கொஞ்சம் இறக்கி..."

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்றார் டீச்சர். "அது நான். அப்படியே இருக்கட்டும்." பிறகு தையல்காரியிடம் திரும்பினார். "நாளைக்குப் போட்டுக்க ஒரு சால்வை வேணும்மா. ரெண்டு மீட்டர் வெட்டி ஓரம் அடிச்சுக்குடு. அந்தப் பச்சை வெல்வெட்டு இருந்துச்சே, அதுல."

"அது விக்கறதுக்கில்ல" என்றார் சவுண்டு.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"இல்ல... அது என் முதுகுக்குப் பின்னாடி இருக்கு. ரெண்டு மீட்டர் எடுத்தா அந்த மூலையோட கணக்கே மாறிடும்."

"ரெண்டு மீட்டரைக் குடுங்க" என்றாள் தையல்காரி. குரல் அமைதியாகத்தான் இருந்தது. "மீதியையும் நாளைக்குக் கடைக்குக் கொண்டுவரப் போறேன். எனக்கு இந்தச் சன்னல் வேணும்."

சவுண்டின் முகம் வாடியது. காலி அலமாரியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். "நியாயம்தான்" என்றார் கடைசியில். "மாப்பிள்ளை கடை இருக்கவே இருக்கு."

"அந்தக் கடைல தும்மினாலே ஒம்பது தும்மல் கேக்கும், என் தம்பி காதுக்கு ஒத்துக்காதுன்னு நேத்தே சொல்லியனுப்பிட்டேன்" என்று அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அக்காவின் குமிழ் கம்பெனியிலேயே உடைந்து வந்தது நல்லதாகத்தான் போயிற்று.

தையல்காரி டீச்சருக்கு வெல்வெட்டை வெட்டிக்கொடுத்தாள். ஓரம் அடித்துக்கொடுத்தாள். டீச்சர் போனதும், பரண்மேல் கிடந்த மூட்டையை இழுத்துத் தள்ளினாள். ஒன்பது வருஷத்து வெட்டுத் துண்டுகள். கம்பளி, பருத்தி, போர்வைத் துணி, எதற்கும் உதவாது, தூக்கிப்போட மனசும் வராது. மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடு அறைக்குள் போனாள்.

"அந்த நுனியைப் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்கன்னா பிடிங்களேன்."

சவுண்டு சுவரின் ஒரு கோடியில் நாடாவை அழுத்திப் பிடித்தார். அவள் மறு கோடிக்கு நடந்தாள். எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதுகிற அதே அளவு நோட்டில், டீச்சருக்கு அடுத்த பக்கத்தில் 'சுவர்' என்று தலைப்புப் போட்டு எழுதினாள்: தோள் பதினோரு அடி, உயரம் ஒன்பது.

"டைட்டாத் தைக்கணுமா, லூசா விடணுமா?"

வெட்டுத் துண்டுகளில் சுவருக்கு ஓர் உடுப்பு என்று சவுண்டுக்கு அப்போதுதான் புரிந்தது. நாடாவை விட்டுவிட்டு ஒரு கை தட்டிப் பார்த்தார்.

"லூசா. மடிப்பு நிறைய வச்சு விடு."

"நிறையன்னா எவ்வளவு? கணக்குச் சொன்னாத்தானே வெட்ட முடியும்?"

"கணக்கெல்லாம் தெரியாது. நீ தைச்சுத் தைச்சு மாட்டிக்கிட்டே வா. நான் கைதட்டிக்கிட்டே இருக்கேன். போதும்கறப்போ அதுவே சொல்லும்."